உங்க வீட்டு கிச்சன் எவ்வளவு புத்திசாலி?

"அம்மா, கடுகு டப்பா எது?"

"மேல் தட்டுல, இடது பக்கத்துலேர்ந்து மூணாவது."

"அதுல வெந்தயம்தான் இருக்கு!"

"அப்படின்னா பின்னாடி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும் பாரு... அதுல."

திருச்சி உறையூரில் இருக்கிற என் பெரியம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன். "ரெண்டு வாரம் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. புகை, சூடு, எண்ணெய்த் தெறிப்பு எதுவும் கண்ணில் படக் கூடாது. குனிந்து கனமான பாத்திரம் தூக்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியோடு பெரியம்மா ஹாலில் உட்கார, அண்ணனும் அண்ணியும் கிச்சனுக்குள் நுழைந்தார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று போன நானும் அங்கேயே தங்கிவிட்டேன்.

முதல் ரெண்டு நாள் ஒரே சிரிப்புதான். மூன்றாம் நாள் சிரிக்க முடியவில்லை.

அன்று காலை இட்லி மாவு தீர்ந்து போயிருந்தது. முந்தின நாளே உளுந்து ஊறப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியப்பாவுக்கு வயது 71. பன்னிரண்டு வருஷமாக சர்க்கரை. வழக்கம் போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரெண்டு துண்டு பிரெட் சாப்பிட்டுவிட்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். அண்ணி வேலைக்குக் கிளம்பிவிட்டார். லீவு போட்டிருந்த அண்ணன், போனில் பார்த்துப் பார்த்து சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார். மணி ஒன்றே முக்கால். சாதம் இன்னும் குக்கரில்.

"என்னங்க, ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று பெரியம்மாவின் குரல். ஓடிப் போய்ப் பார்த்தால், பெரியப்பாவுக்கு தொப்பலாக வியர்வை. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது.

"சக்கரையைக் கரைச்சு எடுத்துட்டு வா, ஓடு!" ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். சர்க்கரைத் தண்ணீர் குடித்து கால் மணி நேரத்தில் பெரியப்பா தெளிந்துவிட்டார். சாயங்காலம் டாக்டர் விளக்கம் சொன்னார். "அவர் சாப்பிடறது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. மாத்திரை அது பாட்டுக்கு வேலை செய்யும். வயித்துல சாப்பாடு இல்லேன்னா ரத்தத்துல சர்க்கரை சரசரன்னு இறங்கிடும். இத்தனை வருஷம் இப்படி ஆகாம இருந்ததுதான் ஆச்சரியம்."

ஆச்சரியமே இல்லை! பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் மோர், ஒரு கைப்பிடி சுண்டல். பன்னிரண்டரைக்கு இலை போட்டாக வேண்டும். சாதம் ரெண்டு கரண்டி, காய் மூணு கரண்டி. இந்தக் கணக்கை யாரும் பெரியம்மாவுக்கு எழுதித் தரவில்லை. பார்த்துப் பார்த்து அவராகவே பழக்கிக்கொண்டது. பெரியப்பாவுக்கே அது தெரியாது!

அந்த வீட்டு கிச்சனின் கம்ப்யூட்டர் பெரியம்மாவின் தலைக்குள் இருந்தது. அவர் ரெண்டு வாரம் லீவு எடுத்தார். கம்ப்யூட்டர் ஆஃப்!

உங்கள் வீட்டில்? நாளைக்கே நீங்கள் நாலு நாள் படுத்துவிட்டால், அடுப்படி தானாக நடக்குமா?

இப்படி ஒரு கிச்சன் இருந்தால்...

கொஞ்சம் கண்ணை மூடிக் கனவு காணலாம். காசா, பணமா?

காலை ஐந்தரை. நீங்கள் உள்ளே நுழைந்ததும் கிச்சன் மெதுவாகப் பேசுகிறது. "குட்மார்னிங். மாவு இன்னிக்கு ராத்திரியோட சரி. சாயங்காலம் உளுந்து ஊறப் போட்டாச்சுன்னா நாளன்னிக்குக் கவலையில்லை. கீழ் டிரேயில் அரைக்கீரை மூணு நாளா இருக்கு, இன்னிக்கு முடிச்சுடுங்க. தம்பிக்கு இன்னிக்கு விளையாட்டு பீரியட், டிபன் பாக்ஸில் ஒரு முட்டை கூட வைக்கலாம். மாமாவுக்கு மத்தியானம் பன்னிரண்டரை."

அடுப்பை அணைக்க மறந்தால் தானே அணைகிறது. கேஸ் கசிந்தால் கத்துகிறது. 'இன்னிக்கு என்ன சமையல்?' என்ற கேள்வியே உங்கள் காதில் விழுவதில்லை. ஆஹா!

இந்தக் கனவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1969-இல் அமெரிக்காவில் நீமன் மார்க்கஸ் என்ற பணக்காரக் கடையின் விலைப்பட்டியலில் 'கிச்சன் கம்ப்யூட்டர்' ஒன்று வந்தது. ஹனிவெல் நிறுவனத்தின் தயாரிப்பு. விலை 10,600 டாலர்! என்ன சமைக்கலாம் என்று அது யோசனை சொல்லுமாம். ஆனால் அதனிடம் பேச விசைகளைத் தட்ட வேண்டும், அது சொல்லும் பதிலை மினுக் மினுக் விளக்குகளைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள ரெண்டு வாரப் பயிற்சி வேறு! ஒரு மெஷின்கூட எந்த வீட்டுக்கும் விற்றதாகத் தகவல் இல்லை. ரெண்டு வாரத்தில் ஒரு இல்லத்தரசி எத்தனை வேளை சமைத்துப் போட்டிருப்பாள்!

2000-இல் எல்ஜி நிறுவனம் இன்டர்நெட் ஃபிரிஜ்ஜைக் கொண்டு வந்தது. விலை 20,000 டாலருக்கு மேல். அதுவும் ஓடவில்லை. இப்போது உள்ளே கேமரா வைத்து, என்னென்ன இருக்கிறது என்று போனில் காட்டும் ஃபிரிஜ்களே வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். நம் வீட்டு ஃபிரிஜ்ஜைத் திறந்து பாருங்கள்... அடுக்கடுக்காக எவர்சில்வர் டப்பா! எதில் புளிக்காய்ச்சல், எதில் நேற்றைய ரசம், எதில் பசு நெய் என்று எந்தக் கேமரா கண்டுபிடிக்கும்? அது வீட்டு அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த ராணுவ ரகசியம்!

கைக்கு ஓய்வு... மண்டைக்கு?

மெஷின்களால் பிரயோஜனம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 1955-இல் கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் பிறந்தது. அதற்கு முன்னால் ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய தோள்களைக் கேட்டுப் பாருங்கள், அருமை தெரியும். குக்கரின் விசிலும் ஒரு 'ஸ்மார்ட்' சமாசாரம்தானே? பக்கத்தில் நிற்காமலே பருப்பு வெந்ததைச் சொல்லிவிடுகிறது!

ஆனால் மெஷின் வாங்கியது கை வேலையை. மண்டைக்குள் ஓடும் வேலையை அது வாங்கவில்லை. மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவழிப்பது சராசரியாக 289 நிமிஷம். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிஷம். சரி, ஆபீஸ் விட்டு பஸ்ஸில் வரும்போது 'ராத்திரிக்கு தோசையா, உப்புமாவா? தக்காளி இருக்கா?' என்று மனசு கணக்குப் போடுகிறதே... அது எந்த நிமிஷத்தில் சேரும்?

அதனால் புத்திசாலி கிச்சன் என்றால் என்ன அர்த்தம்? ஒருத்தர் தலைக்குள் பூட்டிக் கிடப்பதை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியே எடுத்து வைத்திருக்கும் கிச்சன். அதற்கு லட்ச ரூபாய் ஃபிரிஜ் வேண்டாம். ஒரு நோட்டு, நாலு ஸ்டிக்கர், கையில் இருக்கும் போன் போதும். பெரியம்மா வீட்டில் அந்த ரெண்டு வாரத்துக்குள் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

1. பேசச் சொல்லுங்கள், எழுதுங்கள்

எட்டாவது படிக்கும் பேரன்தான் ரிப்போர்ட்டர். பாட்டி சொல்லச் சொல்ல எழுதினான். இப்போதெல்லாம் தமிழில் பேசினாலே போன் எழுதிக்கொள்கிறது, அதுவும் கை கொடுத்தது. யார் யாருக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, என்ன மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது. ஒரே பக்கம். ஃபிரிஜ் கதவில் ஒட்டியாயிற்று. பதினோரு மணி, பன்னிரண்டரை மணி ரெண்டுக்கும் அண்ணன், அண்ணி, பெரியப்பா மூன்று பேர் போனிலும் அலாரம்.

அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் நாலு வரி. உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்கு மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர் இருந்தால் எழுதி வையுங்கள்:

திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும்.

15 நிமிஷம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை.

தெளிந்ததும் சாப்பாடு கொடுக்கவும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லவும்.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்கு போன் செய்யவும்.

2. 'என்ன குழம்பு?' வேண்டாம்... 'என்ன காய்?'

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். 2,000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு, சமைப்பதற்கு முந்தைய எடையில், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகள், விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

கவனித்தீர்களா? அரிசியைவிட காய்தான் அதிகம்! நம் தட்டில்? நடுவில் சாத மலை, ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு ஸ்பூன் பொரியல். நாம் யோசிப்பதே 'இன்னிக்கு என்ன குழம்பு?' என்றுதானே!

பெரியம்மா வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 400 கிராம் என்றால் ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ, வாரத்துக்கு 14 கிலோ. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் பையை அண்ணன் தராசில் வைத்தார். ஆறே கிலோ! "இத்தனை நாளா நிறையத்தான் வாங்கறோம்னு நினைச்சேன்" என்று அசடு வழிந்தார்.

அதனால் கிழமைக்கு ஒரு அச்சு போட்டோம். திங்கள் கீரை, செவ்வாய் கொடிக்காய்... புடலை, பீர்க்கன் மாதிரி. புதன் பயறு, வியாழன் பூ அல்லது தண்டு, வெள்ளி அவரை, கொத்தவரை, சனி கிழங்கு, ஞாயிறு அவரவர் இஷ்டம். என்ன பதார்த்தம் என்பதை அன்றன்று முடிவு செய்துகொள்ளலாம். காய் முடிவாகிவிட்டாலே பாதி யோசனை முடிந்தது! (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எந்தக் காய், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

3. டப்பாவுக்கு ஒரு பிறந்த நாள்

ஃபிரிஜ்ஜுக்குள் போகும் ஒவ்வொரு டப்பாவுக்கும் பெயரும் தேதியும் எழுதி ஒரு ஸ்டிக்கர். ராணுவ ரகசியம் அம்பலம்! சமைத்த பண்டத்தை வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட வேண்டும். ஃபிரிஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மறுபடி சூடு பண்ணும்போது ஆவி பறக்கணும்.

மீந்த சாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் ஒட்டியிருக்கும் சில கிருமிகளின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. சாதம் வெளியே ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்து நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. 'சுட வெச்சா சரியாயிடும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

4. உப்பு பாக்கெட் சொன்ன ரகசியம்

"உப்பு எவ்வளவு பாட்டி?"

"தேவையான அளவுன்னு எழுதிக்கோ."

"அது எவ்வளவுன்னுதானே கேக்கறேன்!"

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கைப்பக்குவத்தையெல்லாம் கிராம்ல எழுத முடியுமாடா?"

பேரன் விடவில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. ஐந்து பேருக்கு 25 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ பாக்கெட் 40 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடை மிக்சரில் உள்ள உப்பு தனி. 'மாசம் பொறந்தா ஒரு பாக்கெட், அதுவும் பத்தாது' என்பது பெரியம்மாவின் வழக்கமான புலம்பல்! பெரியம்மாவுக்கே பி.பி. மாத்திரை உண்டு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "குழம்புல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா நாக்குக்குத் தெரியாது. எழுதிக்கோ" என்றார்.

எண்ணெய்க்கும் இதே கணக்குதான். ஆளுக்கு 27 கிராம் என்றால் ஐந்து பேருக்கு மாதம் நாலு கிலோ, ஏறக்குறைய நாலரை லிட்டர். நெய்யும் இதற்குள்தான் அடக்கம். உப்பு பாக்கெட், எண்ணெய் டின் ரெண்டையும் பிரிக்கும் அன்றே தேதி எழுதிவிடுங்கள். தீர்ந்த தேதியைப் பார்த்தால் உங்கள் கிச்சன் உண்மையைச் சொல்லிவிடும்.

5. கடைசிக் கரண்டி எடுப்பவரே எழுதணும்

காபிப் பொடி தீர்ந்துவிட்டதா? கடைசியாக எடுத்தவர்தான் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். இதுதான் சட்டம், மீறினால் மறுநாள் காபி கட்! முதல் தண்டனை யாருக்குத் தெரியுமா? பெரியப்பாவுக்கு.

வாங்கணும் என்றால்...

கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, ஏதாவது 'ஸ்மார்ட்' பொருள் வாங்கலாம் என்கிறீர்களா? முதலில் கேஸ் அலாரம் வாங்குங்கள். சமையல் கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது, நாம் கண்டுபிடிக்கத்தான் நாற்றம் சேர்க்கிறார்கள். வயதானால் மூக்கு மந்தமாகிவிடும். இந்த கேஸ் காற்றைவிட கனம், தரையோடு படியும். அதனால் சிலிண்டரில் சமைப்பவர்கள் அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும், பரணில் அல்ல! கசிவு என்று தெரிந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.

அடுத்தது, நேரம் வைத்தால் தானே அணையும் மின் அடுப்பு. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

விட்டுப்போன ஒரு பெயர்

ரெண்டு வாரம் முடிந்தது. பெரியம்மா கிச்சனுக்குள் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முதலில் படித்தது அதைத்தான்.

"பரவாயில்லையே... எல்லாரும் இருக்கீங்க."

பேரன்தான் சொன்னான். "பாட்டி, நீங்க இல்லையே!"

உண்மைதான். பெரியப்பாவுக்கு ஒரு வரி, அண்ணனுக்கு ஒரு வரி, அண்ணிக்கு, பேரனுக்கு எல்லாம் இருந்தது. பெரியம்மாவின் பெயரே இல்லை. சொன்னவர் அவர்தான். தன்னைச் சொல்ல மறந்துவிட்டார். கேட்டு எழுதிய எங்களுக்கும் தோன்றவில்லை. பி.பி. மாத்திரை, கால்சியம் மாத்திரை, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்கு மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் பழக்கம்... எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

நம் நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. காரணங்கள் பல. ஆனால் வீட்டுக்கே தட்டு போடுகிற கை, தன் தட்டை எப்போது போட்டுக்கொள்கிறது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் பட்டியலில் முதல் வரி சமைக்கிறவருக்கு. மறக்காதீர்கள்.

பேரன் புதிதாக ஒரு கோடு போட்டு 'பாட்டி, 12.30' என்று எழுதினான். "உங்களுக்கு என்ன பிடிக்கும் பாட்டி?"

பெரியம்மா ரொம்ப நேரம் யோசித்தார். "எனக்கா? வாழைப்பூ உசிலின்னா உசிரு. ஆயறதுக்கு நேரமாகுமேன்னு செஞ்சே பல வருஷம் ஆச்சு."

அடுத்த வியாழக்கிழமை நான் போன் செய்தபோது அண்ணி எடுத்தார். பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "டேய், கையில எண்ணெய் தடவிக்கிட்டு ஆயணும்டா, இல்லேன்னா கறை போகாது. நரம்பு எடுத்தியா? மணி பதினொண்ணாகப் போகுது... பன்னிரண்டரைக்கு பாட்டிக்கு இலை போடணும்!"